நீ ஃப்ரீதானே

அப்பாவைக் குழியில் இறக்கி, ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலைக் கூடத் தாண்டவில்லை. அதற்குள் ஜெயசித்ரா அண்ணி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். "எத்தன வருசமா கட்டிப்போட்ட மாதிரி கெடந்த! இனிமே நீ ஃப்ரீ சாந்தி." ஆறுதல் சொல்கிறாளாம்! அழுதுகொண்டிருந்த சாந்தி மேரிக்கு அழுகை நின்று எரிச்சல் பிடித்துக்கொண்டது. அண்ணி பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் தோளில் போட்ட கையை எடுக்கவே இல்லை.

சாந்தி மேரி வரதராஜன்பேட்டையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். வயது நாற்பத்து நான்கு. அம்மா முன்பே இறந்துவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. இது போதாதா? சாந்தி ஃப்ரீ என்று குடும்பம் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. விடிவதற்குள் எழுந்து, படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பாவுக்குத் துணி மாற்றி, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு ஓடி, மத்தியானம் திரும்பி வந்து மறுபடியும் ஊட்டி, சாயங்காலம் மூத்திரத் துணி அலசிக் காயப்போடுகிறவளுக்கு இந்தப் பட்டம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஆகவே அவள் செய்வது எதுவும் வேலையில் சேராது. அந்த வருஷங்களில் அந்த வார்த்தையை உருப்படியான காரியத்துக்குப் பயன்படுத்தியவர் டாக்டர் ஒருவர்தான். "பெரியவருக்கு மோஷன் ஃப்ரீயா போவுதாம்மா?" என்று மாதாமாதம் கேட்பார்.

மற்றவர்கள் வாயில் அது பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா! அண்ணன் மரியசூசைக்கு அரியலூரில் ஒரு சிமெண்ட் கம்பெனியில் ஆபீஸ் உத்தியோகம். சட்டையில் தூசி படாத நாற்காலி. அப்பாவுக்குத் தண்ணீர் மெத்தை வாங்க வேண்டும் என்றால் "கை ஃப்ரீயா இல்ல பாப்பா, பொறவு பாக்கலாம்" என்பார். தம்பி டேவிட்ராஜ் பெரம்பலூரில் ஒரு காலேஜில் வேலை பார்க்கிறான். அவனிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான். அப்பாவுக்கு முதுகில் புண் வைத்துவிட்டதடா என்று இவள் போனில் அழுதால், "ஃப்ரீயா விடுக்கா, வயசானா வர்றதுதான்" என்று ஞானி மாதிரிப் பேசுவான். புண் அவன் முதுகிலா இருந்தது, ஃப்ரீயாக விடுவதற்கு?

அண்ணி கிறிஸ்மஸுக்கு ஒரு நைட்டி கொடுத்தாள். ஃப்ரீ சைஸாம். தையல் டீச்சருக்கு ஃப்ரீ சைஸ்! தோள் முழங்கையில் தொங்கியது, கழுத்து முதுகு வரைக்கும் இறங்கியது. எந்த உடம்புக்கும் அளவெடுக்காமல் தைத்த ஒன்றை எல்லா உடம்புக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிற அயோக்கியத்தனத்தைச் சாந்தி மேரி அதற்கு முன்னும் பார்த்திருந்தாள், ஆனால் வீடு தேடி வந்து கொடுத்தது அதுதான் முதல் தடவை. கத்தரித்து அடுப்பங்கரைக்குத் துணியாக்கிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் யார் லீவு போட்டாலும் "தையல் டீச்சர் ஃப்ரீதானே, அனுப்புங்க." கோயிலில் பாட்டுக்குழுவுக்கு, ஞாயிறு மறைக்கல்விக்கு, பீடத்துக்குப் பூ வைக்க, எல்லாவற்றுக்கும் சாந்தி ஃப்ரீ. பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கத்துவார், "ஃப்ரீ டிக்கெட்டெல்லாம் உள்ள போங்க, உள்ள போங்க!" ஏன்யா, நான் என்ன சோப்பு வாங்கினால் கூட வருகிற ஸ்பூனா என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுக்கும். கேட்டதில்லை. வாய்க்குள்ளேயே எல்லாரையும் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, வெளியே தலையை ஆட்டுவதுதான் அவள் வழக்கம்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வருஷப் பூசைக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் மரியசூசை தன் மகள் அனிதா விஷயமாகப் போன் பண்ணினார்.

"பாப்பா, அனிதாவுக்குத் தையில பிரசவம். தலப்பிரசவம் பாரு, நம்ம வூட்லதான் வச்சிக்கணும். ஒங்க அண்ணிக்கு சுகரு, முட்டி வலி வேற. அதனால பூச முடிஞ்ச கையோட நீ எங்களோட கெளம்பி வந்துடு."

"எவ்வளவு நாளைக்குண்ணே?"

"நாளா? புள்ள பொறந்து, அப்பறம் அவளோட பெங்களூரு போயி ஒரு ரெண்டு வருசம் பாத்துக்க. அவளும் மாப்ளையும் வேலைக்குப் போகணும்ல? அந்தத் தையல் வேலைல என்ன இருக்கு, எழுதிக் குடுத்துடு. வூடு ஃப்ரீயா கெடக்கும், டேவிட்டு வாடகைக்கு விட்டுக்கட்டும்."

"என்னக் கேக்கவே இல்லையேண்ணே."

"கேக்குறதுக்கு இதுல என்ன இருக்கு? நீ ஃப்ரீதானே."

சாந்தி மேரி என்ன சொன்னாள்? "சரிண்ணே" என்றாள். போனை வைத்ததும் தன் வாயிலேயே ஒன்று போடலாமா என்று வந்தது. மாணவிகள் பாவாடைக்கு நாடா கோர்க்கத் தெரியாமல் நின்றால் கூட வகுப்பில் அப்படித் திட்டுகிறவள், அண்ணன் குரலைக் கேட்டதும் சின்னப் பிள்ளையாகிவிடுகிறாள். இத்தனை வயசில் ஒரு தடவை கூட அவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னதில்லை. அண்ணனையும் அண்ணியையும் எவ்வளவு கேவலமாக நினைத்தாளோ அதைவிடக் கேவலமாக அன்றைக்குத் தன்னை நினைத்தாள்.

ஏனென்றால் அவள் ஃப்ரீ இல்லை. அவள் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவர் பெயர் அருள் பிரகாஷ், ஏலாக்குறிச்சிக்காரர். ஜெயங்கொண்டத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. அப்பா இருக்கும்போது கிணற்று மோட்டார் மக்கர் பண்ணியதில்தான் பழக்கம். கழற்றிக் கொண்டுபோய்ச் சரிபண்ணி, திரும்பவும் பூட்டி, கையாலேயே சுற்றிக் காட்டினார். "பேரிங் போயிடுச்சு டீச்சர். மாத்திட்டேன். இப்ப ஷாஃப்ட் ஃப்ரீயா சுத்துது, பாருங்க" என்றார். அந்த வார்த்தையை இரும்போடு நிறுத்திக்கொண்ட மனுஷன் அவர். அதன் பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். அப்பாவின் கட்டில் காலில் ஒரு பெல் சுவிட்ச் வைத்துக் கொடுத்தார், கிழவர் இரண்டு நாள் விடாமல் அடித்துத் தள்ளினார். அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டுமென்றால் கடையைப் பூட்டிக்கொண்டு வருவார்.

அப்பா போய் ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் கடைவாசலில் நின்றுகொண்டே கேட்டார். "டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒங்களுக்குக் கல்யாணம் பண்ணிக்கிறதுல விருப்பம் இருக்குங்களா? என்னையக் கட்டிக்கிறதத்தான் கேக்குறேன். விருப்பம் இல்லன்னா சொல்லிடுங்க, ஆனா மோட்டார மட்டும் வேற கடைக்குக் கொண்டு போயிடாதீங்க." சாந்தி மேரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. விருப்பம் இருக்கிறதா என்று அவளை இது வரைக்கும் யார் கேட்டார்கள்? ஒரு வாரம் யோசித்து, இருக்கிறது என்று சொன்னாள்.

கல்யாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் பூசை முடிகிற நேரத்தில் வாசிப்பார். அண்ணன் போன் பண்ணிய மறுநாளே சாந்தி மேரி கோயிலின் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். முதல் ஓலையை அப்பாவின் வருஷப் பூசை அன்றைக்கே வாசிக்கச் சொன்னாள்.

"அண்ணன் வீட்டுல பேசிட்டீங்களாம்மா?" என்று சாமியார் கேட்டார்.

"இல்ல ஃபாதர். ஓலை பேசிக்கட்டும்."

கோழைத்தனம்தான். அவளுக்கே தெரியும். ஆனால் அண்ணன் நேரே நின்று கேட்டால் தன் வாய் மறுபடியும் சரிண்ணே என்றுதான் சொல்லும், துணிமணியை மூட்டை கட்டி அரியலூர் காரில் ஏற்றிவிடும், பிறகு பெங்களூரில் யாரோ ஒருவர் வீட்டுப் பால்கனியில் குழந்தைத் துணி காயப்போட்டே வயசாகிவிடும் என்பதும் தெரியும். மைக்கில் ஊரறிய ஒரு தடவை வாசித்துவிட்டால் தன்னாலும் பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் ஓலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து இறங்கினார்கள். மரியசூசை, ஜெயசித்ரா, வயிறு தெரிய அனிதா ஒரு காரில். டேவிட்ராஜும் அவன் பெண்டாட்டி சுபாவும் இன்னொரு காரில். அண்ணி காரில் பின்சீட்டில் இடம் விட்டு வைத்திருந்தாள். "ஒன் பெட்டி வைக்க டிக்கிய ஃப்ரீ பண்ணி வச்சிருக்கேன் சாந்தி" என்றாள். என்ன கரிசனம்! சாந்தி மேரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கோயிலுக்குள் போனாள்.

மறைந்த சவரிமுத்து அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று அப்பாவின் பெயரை வாசித்தபோது மரியசூசை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அப்பா உயிரோடு கிடந்த காலத்தில் அந்த அறைக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்ததில்லை, மூக்கில் கர்ச்சீப். இப்போது சாமியார் வாயில் பேர் வந்ததும் மகன் ஆகிவிட்டார். சாந்தி மேரி அவரைப் பார்க்காமல் பீடத்தையே பார்த்தாள்.

நற்கருணை வாங்கி முடிந்து அறிவிப்புகள் ஆரம்பித்தன. இளைஞர் கூட்டம், கல்லறைத் திருநாளுக்குப் புல் வெட்டுவது, மெழுகுதிரி விற்பனை. பிறகு சாமியார் இன்னொரு தாளை எடுத்தார்.

"திருமண அறிவிப்பு, முதல் ஓலை. ஏலாக்குறிச்சிப் பங்கைச் சேர்ந்த மறைந்த இருதயசாமி, லூர்துமேரி ஆகியோரின் மகன் அருள் பிரகாஷ் என்பவருக்கும், நம் பங்கைச் சேர்ந்த மறைந்த சவரிமுத்து, ஆரோக்கியமேரி ஆகியோரின் மகள் சாந்தி மேரி என்பவருக்கும் திருமணம் நடைபெறவிருக்கிறது. இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்..."

"இருக்கு ஃபாதர்! தடை இருக்கு!"

ஜெயசித்ரா எழுந்து நின்றுவிட்டாள். அந்த ஊரில் எத்தனையோ ஓலை வாசித்திருக்கிறார்கள், ஒருவரும் பூசையில் எழுந்து நின்றது கிடையாது. தடை என்று ஒன்று இருந்தால் பிறகு சாமியார் பங்களாவுக்குப் போய்க் காதோடு சொல்வார்கள். கோயிலே திரும்பியது. சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னம்மா தடை?" என்றார். முன் கல்யாணமோ, இரத்த உறவோ, வேறு என்ன கண்றாவியோ என்று அவர் முகமே வெளுத்துவிட்டது.

"எம்பொண்ணுக்குத் தையில பிரசவம் ஃபாதர். இவதான் கூட இருந்து பாக்கணும். எல்லாம் பேசி முடிச்சாச்சு!"

பெண்கள் பக்கத்தில் யாரோ "அட கொடுமையே" என்று சிரித்தாள், அது பரவிக்கொண்டு பின்னால் நின்ற ஆம்பளைகள் வரைக்கும் போனது. அனிதா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரும்மா, மானம் போவுது."

"அது தடை இல்லம்மா. உக்காருங்க" என்றார் சாமியார். ஆசீர்வாதம் கொடுத்துப் பூசையை முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை ஆரம்பிக்கும் என்று பார்த்தால், முதலில் சாப்பாடு ஆரம்பித்தது. மரியசூசை ஜெயங்கொண்டத்தில் சொல்லி வைத்திருந்த பிரியாணி வந்துவிட்டது, ஆறிவிடும் அல்லவா! கறியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டே ஜெயசித்ரா தொடங்கினாள்.

"ஆம்பளைங்க கிட்ட அவ கொஞ்சம் ஃப்ரீயா பழகுறான்னு நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டா?"

"ஏம் பாப்பா, எங்கிட்ட ஃப்ரீயா சொல்லியிருக்கலாமே. நான் என்ன கடிச்சா முழுங்கிடுவேன்?" என்றார் மரியசூசை. வாயில் எலும்பு.

"அப்ப இந்த வூடு என்னாவறது?" என்றான் டேவிட்ராஜ். அவனுக்கு அவன் கவலை. வாடகைக்கு ஆள் கூடப் பேசி வைத்திருந்தானாம்.

"வூட்ட விடு. அனிதாவ யாரு பாக்குறது?" ஜெயசித்ரா சுபாவைப் பார்த்தாள்.

"எனக்கு ஸ்கூல் வேல இருக்குக்கா. நான் எங்க ஃப்ரீ?" என்று சுபா உடனே எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அந்த வேகத்தை அதற்கு முன் யாரும் அவளிடம் பார்த்ததில்லை.

"ஆள் வச்சுக்கலாம்மா" என்றாள் அனிதா. பாவம், அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் வெட்கப்படத் தெரிந்தது அவளுக்குத்தான்.

"ஆளா? இந்தக் காலத்துல ஆளு என்ன ஃப்ரீயாவா வருவா?" என்று ஜெயசித்ரா எரிந்து விழுந்தாள். சொல்லி முடித்த பிறகும் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைக்கவில்லை. மற்றவர்களுக்கும் உறைக்கவில்லை, தயிர்ப்பச்சடி கேட்டார்கள்.

மரியசூசை கையைக் கழுவிவிட்டு வந்து தங்கையின் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். குரலைத் தணித்தார். அந்தக் குரலுக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். "இத பாரு பாப்பா. நீ பண்ணினது தப்புன்னு நான் சொல்லல. கொஞ்சம் தள்ளி வைக்கலாம்ல? பிரசவம் முடியட்டும், புள்ள நடக்க ஆரம்பிக்கட்டும். இவ்வளவு நாள் இருந்துட்ட, இன்னும் ஒரு ரெண்டு வருசத்துல என்ன ஆயிடப் போவுது? நான் போயி சாமியார்கிட்டச் சொல்லிடறேன். என்ன?"

சரிண்ணே தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சாந்தி மேரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அண்ணனின் பல்லிடுக்கில் சிக்கியிருந்த கறிநாரைப் பார்த்தாள். இந்த முகத்துக்கா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்று வந்தது.

"முடியாதுண்ணே" என்றாள்.

"என்னது?"

"முடியாது. அடுத்த ஞாயிறு ரெண்டாவது ஓலை. அதுக்கடுத்தது மூணாவது. அப்பறம் கல்யாணம். அனிதா பிரசவத்துக்கு வந்து பாத்துட்டு வருவேன், அத்தையா. ஆயாவா வரமாட்டேன்."

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. அண்ணன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சரி, இனிமேல் கேட்பார்கள் என்று காத்திருந்தாள். ஆள் யார், என்ன தொழில், குணம் எப்படி, குடிப்பானா, முதல் பெண்டாட்டியை ஒழுங்காக வைத்துக்கொண்டானா? தங்கையைக் கட்டிக் கொடுக்கிற வீட்டில் கேட்கிற கேள்விகள்தானே. ஒரு வாரமாகத் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அதற்கெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தாள். எதை முதலில் சொல்வது, எதைச் சொன்னால் அண்ணன் முகம் இளகும் என்று கூட யோசித்திருந்தாள்.

ஒருவரும் கேட்கவில்லை.

அனிதாவைப் பெங்களூரிலேயே வைத்துப் பார்த்தால் என்ன ஆகும், அவள் மாமியாரைக் கூப்பிட்டால் என்ன, பாட்டுக்குழுவை இனிமேல் யார் பார்ப்பார்கள், வீட்டுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும், எல்லாம் பேசினார்கள். மூன்று மணிக்கு மீந்த பிரியாணியை இரண்டாகப் பங்கு போட்டுத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டார்கள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினாள். டேவிட்ராஜ் மட்டும் கண்ணாடியை இறக்கி, "ஃப்ரீயா விடுக்கா, அண்ணி அப்படித்தான்" என்றான். அதுதான் அவள் கல்யாணத்துக்கு அவள் குடும்பம் சொன்ன வாழ்த்து.

கார்கள் போனதும் சாந்தி மேரி எச்சில் இலைகளை அள்ளினாள். இவர்களைப் பற்றித் தெரியாதா, இவர்களிடம் எனக்கு என்ன வேண்டியிருக்கிறது, தூ என்று சொல்லிக்கொண்டுதான் அள்ளினாள். ஆனால் கை நின்றுவிட்டது. இவ்வளவு கேவலமாக நினைத்த ஆட்களிடம் ஒரு கேள்விக்காக வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று அவமானமாக இருந்தது. அவமானத்தைவிட வலி அதிகம் இருந்தது. சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

போன் அடித்தது. அருள் பிரகாஷ்.

"எங்க ஊர்லயும் ஓலை வாசிச்சிட்டாங்க டீச்சர். அங்க வீட்ல என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல." மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்கும்.

"நான் வேணும்னா ஒரு நடை வந்து அண்ணன்கிட்டப் பேசட்டுங்களா?"

"வேணாங்க. ஒங்களப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. நல்லவனா கெட்டவனான்னு கூடக் கேக்கல. நான் எல்லாத்துக்கும் பதில் யோசிச்சு வச்சிருந்தேன்."

அந்தப் பக்கம் அவர் கடையைத் தாண்டி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எங்கிட்டச் சொல்லுங்களேன்" என்றார். "நான் கேக்குறேன். மாப்ள எப்படிங்க?"

சாந்தி மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆளு கறுப்பு" என்றாள். "பேச்சு கம்மி. குடிக்கிறதில்ல. பொய் சொல்ல வராது, சொன்னா தரையப் பாப்பாரு. மொத சம்சாரம் படம் கடைல இருக்கு, தெனமும் தொடச்சி வைப்பாரு. எங்கப்பாவத் தூக்கி உக்கார வச்சப்ப மூக்கப் பொத்தல." குரல் உடைந்தது. நிறுத்தினாள்.

"அப்பறம்?" என்றார் அருள் பிரகாஷ். அவர் குரலும் சரியாக இல்லை.

"அப்பறம் என்ன. எதுவா இருந்தாலும் என்னக் கேட்டுட்டுத்தான் செய்வாரு."